பெட்டி வானத்திலிருந்து வந்தது

போன மாதம் நம் ஏழாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். யாருடைய கரும்புக் கொல்லையிலோ ஒரு வெள்ளைப் பெட்டி விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் கிழிந்த ரப்பர், நீளமாக நூல். வானிலைக்காரர்கள் விட்ட பலூன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்குக் கீழே நம்மில் ஒருவர், "நம்ம ஊரு செய்வினைப் பொட்டி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். ஒரே சிரிப்பு. மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம் ஒன்றை நானும் போட்டேன்.

போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அறுபதைத் தாண்டிய பிறகு, டீச்சரம்மா என்று நாலு பேர் கும்பிடுகிற நிலையில் இருந்துகொண்டு, இதைக்கூட என்னால் கூசாமல் செய்ய முடிகிறதே என்று என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். படிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

முதலில் தண்ணிக்காரரைச் சொல்ல வேண்டும். பாகூர் ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை நம் ஊர்க் கழனிகளுக்கு முறைப்படி திறந்துவிடுகிற வேலை அவருக்கு. எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை, எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிகிற நேரத்தில் வரப்பில் நடந்துபோவார். ஊரிலிருந்த கழனிக்காரர்கள் எல்லாருக்கும் அவர் வேண்டும். ஆனால் ஒருவர் வீட்டு வாசற்படியையும் அவர் தாண்டியதில்லை. தாண்டவில்லை என்பதை நாம் யாரும் கவனித்ததும் இல்லை. அவர் மகள் நம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். இப்போது ஞாபகம் வந்திருக்கும்.

அந்த வருஷம்தான் சயின்ஸ் டீச்சர் புதிதாக வந்தார். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். கைப்பையில் எப்போதும் ஒரு டஸ்டர் வைத்திருப்பார், பள்ளிக்கூடத்து டஸ்டர் அவருக்கு ஆகாது. ஒரு நாள் மத்தியானம் போர்டில் பூமியை ஒரு வட்டமாகப் போட்டார். "நம்ம தலைக்கு மேல காத்து இருக்கு. சரி, அது எங்க போய் முடியுது?" என்று கேட்டார்.

நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். எப்போதும் நான்தான் முதலில் தூக்குவேன் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். சாக்பீஸை வாங்கி, பூமியைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டு, "இங்க முடியுது டீச்சர்" என்றேன். அந்த வட்டத்துக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் எடுத்த மாதிரி எனக்குத் திருப்தியாக இருந்தது.

அப்போது தண்ணிக்காரர் மகள் எழுந்தாள்.

"கோடு இருக்காது டீச்சர். எங்கப்பா மடையத் தொறந்தா மொதக் கழனில தண்ணி நல்லா நிக்கும். அடுத்ததுல கணுக்கால் அளவு. போகப் போகக் கொறஞ்சிக்கினே போவும். கடைசிக் கழனில மண்ணு ஈரமா இருக்கும், அவ்ளோதான். இங்கதான் தண்ணி முடிஞ்சிதுன்னு அங்க யாரும் கோடு போட முடியாது. காத்தும் அப்டித்தான் இருக்கும்."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "இத விட நல்லா எனக்கே சொல்ல வராது" என்றார். பிறகு கைப்பையிலிருந்து டஸ்டரை எடுத்து நான் போட்ட வட்டத்தை அழித்தார். அவர் அதைக் கோபமாகச் செய்யவில்லை. ஆனால் அந்தச் சாக்பீஸ் தூள் என் பாவாடைமேல் விழுந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

அன்று அவர் சொன்ன பாடம் எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. இருக்கிற காற்றில் பாதி, தரையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஏற ஏறக் காற்று மெலியும், குளிரும். நம் ஊருக்கு மேலே பதினாறு பதினேழு கிலோமீட்டர் போனால் அந்தக் குளிர் நின்று, மெல்லச் சூடு ஏற ஆரம்பிக்கும். வெயிலில் வருகிற கெட்ட கதிர்களை ஓசோன் பிடித்துவைத்துக்கொள்வதால் வருகிற சூடு அது. அதற்கும் மேலே போனால் மறுபடியும் குளிர், எங்கும் இல்லாத குளிர். அதற்கும் மேலே போனால் கொதிக்கிற சூடு. ஆனால் அந்தச் சூட்டைக் கொண்டுவந்து நம்மேல் வைப்பதற்கு அங்கே போதுமான காற்று இல்லை. நூறு கிலோமீட்டரில் ஒரு கோடு வைத்து, அதற்கு மேலே விண்வெளி என்கிறார்கள். "அது மனுஷங்க பேசி வெச்சிக்கிட்ட கோடு. காத்துக்கு அது தெரியாது" என்றார் டீச்சர். மூடின தகர டப்பியை மேலே எடுத்துக்கொண்டு போனால், வெளியே காற்று மெலிய மெலிய அது உப்பும் என்றும் சொன்னார். அதைக் கொண்டே உயரத்தை அளக்கலாம், லீவு முடிந்ததும் அதைப் பார்ப்போம் என்றார்.

நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணிக்காரர் மகளுக்கு முன்னால் நடந்தேன். அவள் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்கழி வந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். மார்கழியில் வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ சொருக வேண்டும். எங்கள் வீட்டுப் பூசணிக்கொடி கழனிப் பக்கம் மோட்டார் கொட்டகைமேல் படர்ந்திருந்தது. லீவு விட்ட இரண்டாம் நாள் காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், பூப் பறிக்கப் போனேன். நெல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. கதிரை நசுக்கினால் விரலில் வெள்ளையாக ஒட்டும், தித்திக்கும்.

எங்கள் மடைக்குப் பக்கத்தில் அது கிடந்தது. நெற்பயிர்மேல் நீளமாக நூல். நூலின் ஒரு பக்கம் வெளுத்த ரப்பர் நார்நாராகக் கிழிந்து, உரித்துப்போட்ட ஆட்டுக் குடல் மாதிரி இருந்தது. நடுவில் ஒரு சிவப்புத் துணிக் குடை. இன்னொரு பக்கம் சேற்றில் பாதி புதைந்த வெள்ளை அட்டைப் பெட்டி. சேறு பட்டதில் பெட்டியின்மேல் இருந்த எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. ஆனால் நூலில் ஒரு கெட்டி அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது சேற்றில் படவில்லை. இங்கிலீஷ், இந்தி, கீழே தமிழ். இது வானிலை பார்க்கும் கருவி, பலூனில் மேலே அனுப்பப்பட்டது, ஆபத்தில்லாதது, கிடைத்தவர்கள் அருகிலுள்ள தபால் ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை படித்தேன். நன்றாகப் புரிந்தது.

பெட்டியைப் பிரித்தேன். உள்ளே, மெல்லிய தகரத்தில், மேலெல்லாம் வட்டவட்டமாக வரியோடிய ஒரு சின்ன டப்பி இருந்தது. எட்டணாக் காசைவிடக் கொஞ்சம் பெரிது. டீச்சர் சொன்ன டப்பி. மேலே போனால் உப்புகிற டப்பி. அதைப் பிடுங்கினேன். லீவு முடிந்த அன்று டீச்சர் மேசையில் கொண்டுபோய் வைத்தால், மூன்றாவது பெஞ்சுக்காரி வாயைத் திறக்க முடியாது. அந்த நினைப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகுதான் அட்டை ஞாபகம் வந்தது. அதை யாராவது படித்தால் எல்லாவற்றையும் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், டப்பி எங்கே என்று தேடுவார்கள். ஆகவே அட்டையையும் அறுத்தேன். இரண்டையும் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது வரப்பில் தண்ணிக்காரர் வந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, பூவா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"பாத்துப் போ. வரப்பு வழுக்குது." மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மேல்மடைப் பக்கம் போனார். நான் பூக்கூடையோடு ஓடினேன்.

அப்பா எட்டு மணிக்குக் கழனிக்குப் போனவர், அரை மணியில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். மார்கழிக் குளிரில் வேர்வை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அந்த வருஷம் தண்ணீர் முறையில் தகராறு. தண்ணிக்காரர் பெரியப்பா கழனிக்குக் கூடுதலாக விடுகிறார் என்று அப்பா கார்த்திகை மாதம் முழுக்கப் புகைந்துகொண்டிருந்தார். இப்போது மடையோரம் நூல், சிவப்புத் துணி, குடல். பெட்டிக்குள்ளே இன்னும் மோசமான ஒன்று இருந்தது. பலகை மாதிரி ஒரு தகடு, அதில் செம்பில் கோடு கோடாக, மூலைக்கு மூலை புள்ளி வைத்து. ரேடியோவைத் திறந்தால் தெரிகிற அதே பலகைதான். ஆனால் எங்கள் தெருவில் அன்று ரேடியோவைத் திறந்து பார்த்தவர் யார்? செம்புத் தகட்டில் கோடு கிழித்துக் கழனியில் புதைத்தால் அதற்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்.

"எந்திரம் போட்டு வெச்சிட்டானுங்கடி" என்று அம்மாவிடம் சொல்லும்போது அப்பா குரல் நடுங்கியது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து வெளியூரிலிருந்து ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்தார்கள். அவர் பெட்டியின்மேல் கலங்கிக் கிடந்த இந்தி எழுத்தைப் பார்த்து, "மலையாள வேலை" என்றார். எதுவும் புரியாவிட்டால் மலையாளம்தான். நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கும் இப்போது சிரிப்பு வரப் பார்க்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. பெட்டிக்குள்ளே ஒரு பள்ளம் காலியாக இருப்பதைக் காட்டி, "இங்க இருந்த பொருள வூட்டுக்குள்ள வெச்சிருப்பாங்க, தேடுங்க" என்றார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது சரி. பிறகு, "அன்னிக்கி மொதல்ல கழனிக்கு வந்தது யாரு?" என்று கேட்டார்.

தண்ணிக்காரரைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர் தினமும் போகிறவர். அன்றும் போனார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை, அவரைத் தவிர.

மந்திரவாதி வந்த அந்த ஒரு நாளில் பேச எனக்கு இரண்டு வாய்ப்பு வந்தது. முதலாவது பாய் கடையில். அம்மா கற்பூரம் வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருந்தாள். கடையில் நாலு பேர் பெட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் பொட்டலம் மடித்துக்கொண்டே, "எனக்கென்னமோ இது வேற மாதிரி தோணுது. மழ காத்து பாக்கறதுக்கு பெரிய பலூன் உடுவாங்கன்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். அதுல சீட்டு கீட்டு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். நாங்க பாத்தோம். ஒண்ணியும் இல்ல" என்றார் ஒருவர்.

"சீட்டு இல்லாம உடமாட்டாங்களே" என்று பாய் தனக்குள் சொல்லிக்கொண்டு என்னிடம் கற்பூரத்தைக் கொடுத்தார். சீட்டு அப்போது என் சயின்ஸ் நோட்டின் காக்கி அட்டைக்கும் உள் அட்டைக்கும் நடுவில் இருந்தது. நான் கற்பூரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கற்பூரம் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாவது, அன்று சாயங்காலம், ஊர் எல்லையில் ஐயனார் கோயில் முன்னால், தண்ணிக்காரரைச் சத்தியம் பண்ண வரச்சொன்ன இடத்தில். நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். கற்பூரம் அணைக்கிற சத்தியம் என்றால் நமக்கெல்லாம் திருவிழா மாதிரி. இப்போது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஓய்வுபெற்றுவிட்ட நம் நண்பர், அன்று புளியமரக் கிளையில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அப்பா மூலைமுடுக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். டப்பியை விட்டுவிட்டுப் போகப் பயம். இடுப்பில் வைத்தால் அம்மா பாவாடை கட்டிவிடும்போது தட்டுப்படும். ஆகவே வாயில் போட்டுக்கொண்டேன். கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தகரத்தின் புளித்த ருசி நாக்கில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கின எச்சிலெல்லாம் அதே ருசி.

தண்ணிக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. முந்தின நாள் மண்வெட்டி பட்டு வெட்டிக்கொண்டதாம். துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். புதுக்காயம், ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. அப்பா வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். நான் வாங்கிவந்த கற்பூரம்.

"நான் வெக்கல. யாரு வெச்சாங்கன்னும் எனக்குத் தெரியாது. வெச்சிருந்தா என் கை அழுவிப் போவட்டும்" என்று சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. இந்தப் பெண் எனக்கு முன்னாலேயே மடையோரம் இருந்தாள் என்று அவர் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வெட்டுப்பட்ட கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். அவர் மகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வாயைத் திறந்து டப்பியைத் துப்பினால் போதும். பேசக்கூட வேண்டாம். துப்பியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நான் உதட்டை இன்னும் இறுக்கினேன்.

சத்தியம் செய்தவருக்கு மூன்று வாரத்துக்குள் ஒன்றும் ஆகாவிட்டால் அவர் மேல் குற்றமில்லை என்பது ஊர்க் கணக்கு. இரண்டே நாளில் அவர் கை வீங்கியது. ஐந்தாம் நாள் சீழ் வைத்தது. சேற்றுக் காயத்தில் நெருப்பு வைத்தால் வீங்காமல் என்ன செய்யும்? அதை யோசிக்க அங்கே ஒருவரும் இல்லை. "சாமி கையப் புடிச்சிடுச்சி" என்றார்கள். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அம்மா வழியில் எங்களுக்கு உறவான ஒருவரைத் தண்ணீர் விட வைத்தார்கள். அவருக்கு மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் வித்தியாசம் தெரியாது. நெல் பால் முற்றுகிற நேரத்தில் எங்கள் கடைசிக் கழனிக்குத் தண்ணீரே போய்ச் சேரவில்லை. கதிரெல்லாம் நிமிர்ந்து நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் பதர், சாவி. தண்ணிக்காரரை நிறுத்தியதால் வந்த நஷ்டத்தை, அவர் வைத்த செய்வினையால் வந்தது என்று அப்பா சாகிற வரைக்கும் நம்பினார். நான் அவரிடமும் சொல்லவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மூன்றாவது பெஞ்சு ஜன்னலோரம் காலியாக இருந்தது. டீச்சர் கேட்டார். "அவங்க ஊர வுட்டே போயிட்டாங்க டீச்சர்" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். "ஏன்?" என்றார். ஆளாளுக்கு நோட்டைப் புரட்டினோம். டப்பி என் பையில் இருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பார். அவர் உயரம் அளக்கும் பாடத்தை நடத்தினார், நான் குனிந்து எழுதிக்கொண்டேன். எதற்காக அத்தனையும் செய்தேனோ அதற்குக்கூட அது உதவவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சின்ன வயசு, பயம், என்று ஏதோ சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சமாக இருக்கிறது.

நானே சயின்ஸ் டீச்சர் ஆனேன். வருஷா வருஷம் வளிமண்டலப் பாடம் வரும். வருஷா வருஷம் போர்டில் பூமியைப் போட்டு, காற்று எங்கே முடிகிறது என்று கேட்பேன். ஏதாவது ஒரு பிள்ளை வந்து வட்டம் போடும். அழித்துவிட்டு, "மடையத் தொறந்தா மொதக் கழனில தண்ணி நல்லா நிக்கும்" என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகள் கண் விரியக் கேட்கும். பலூன் கதையும் சொல்வேன். கீழிருந்து கிளம்பும்போது ஆள் உயரம் இருக்கிற பலூன், மேலே போகப் போக, வெளியே அழுத்துகிற காற்று குறையக் குறைய, ஒரு அறை அளவுக்கு உப்பும். முப்பது கிலோமீட்டர் பக்கம் போனால் கீழே இருப்பதில் நூறில் ஒரு பங்கு காற்றுதான். அங்கே ரப்பர் தாங்காமல் வெடிக்கும், பெட்டி குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கும். எங்கே இறங்கும் என்று பிள்ளைகள் கேட்டால், எங்கேயாவது என்பேன். ஒருமுறை இன்ஸ்பெக்ஷன் வந்த அதிகாரி பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "மடை உதாரணம் பிரமாதம் டீச்சர். நீங்களே யோசிச்சதா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அவள் அப்பாவின் வேலையை எடுத்தேன், அவள் படிப்பை எடுத்தேன், கடைசியில் அவள் சொன்ன வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு முப்பது வருஷம் பேர் வாங்கினேன். வயசானால் இதெல்லாம் மெலிந்துபோகும் என்று எண்ணியிருந்தேன். மெலியவில்லை.

குழுவில் அந்தச் சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு உங்களில் ஒருவர் எழுதியிருந்தீர்கள், தண்ணிக்காரர் மகள் வில்லியனூர் ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறாள் என்று. அவரும் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது என்று. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தேன். அட்டை பழுத்திருந்தது, எழுத்து அப்படியே இருந்தது. டப்பியும் இருந்தது. பஸ் ஏறினேன்.

காலை டிபன் கூட்டம் குறைகிற நேரம். அவள் இட்லிப் பானையின் மூடியைத் திறந்து ஆவிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "உக்காரும்மா, இன்னா வேணும்?" என்று வாடிக்கைக்காரியைக் கேட்பதுபோலக் கேட்டாள். பெயரைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "வா, உள்ள வா" என்றாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் கேட்காமலே காபி வந்தது. எங்கள் வீட்டில் அவள் அப்பா ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் இரண்டு விரல் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. நான் டின்னைத் திறந்து, அட்டையை எடுத்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். காது மந்தம் என்பதால் நான் சொல்லச் சொல்ல அவள் அவர் காதில் குனிந்து உரக்கச் சொன்னாள். என் குற்றத்தை வாக்கியம் வாக்கியமாக அவள் வாயால் கேட்டேன். அட்டையைப் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"அன்னிக்கி என்னப் பாத்தீங்களே, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தமாதிரி இருந்தது. மகள்தான் பதில் சொன்னாள். "சொன்னா யாரு நம்புவா? மொதலாளி வூட்டுப் பொண்ணு மேல பழி போடறான்னு கட்டிவெச்சி அடிச்சிருப்பாங்க."

அவர் டப்பியை வாங்கி இடது கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இது எவ்ளோ ஒசரம் போச்சி?" என்றார்.

"முப்பது கிலோமீட்டர் போயிருக்கும்."

"அம்மாடி. அங்க காத்து இருக்குதா?"

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை. மகளைப் பார்த்தேன். அவள் அப்பாவின் காதில், "இருக்கும்பா. கடைசிக் கழனி ஈரம் மாதிரி" என்றாள். ஏழாம் வகுப்போடு நின்றவள், நேற்றுச் சொன்னதுபோலச் சொன்னாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் டப்பியை என் கையில் திரும்ப வைத்தார்.

"எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பாப்பா? நான் வெக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க இருக்காங்களே, அவங்ககிட்டப் போயி சொல்லு. சத்தியம் பண்ண எடத்துல நின்னு சொல்லு. நான் வந்து கேக்கறேன்."

மகள் வாசல் வரைக்கும் வந்தாள். "அதுக்கப்புறம் அவரு ஐயனார் கோயில் பக்கமே போனதில்ல. ரெண்டு பஸ்ஸுதான், போனதில்ல" என்றாள்.

அப்பா இல்லை. பெரியப்பா இல்லை. பாயும் இல்லை. அன்று அந்தக் கோயில் முன்னால் நின்றவர்களில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் நாம்தான். அவர் சொன்ன தெரியாதவர்கள் நீங்கள்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஐயனார் கோயில் முன்னால். அவரை அழைத்துவர வேன் சொல்லியாகிவிட்டது. மகள் அன்று கடையை அடைக்கிறாள். புளியமரத்தில் ஏறியவர் இந்தத் தடவை கீழேயே நிற்கலாம். பிள்ளைகளைக் கூட்டிவர முடிந்தால் கூட்டிவாருங்கள், செய்வினைப் பெட்டிக் கதையை அவர்களுக்கும் சொல்லித்தானே வளர்த்திருப்பீர்கள்.

நான் சொல்லப்போவது நாலு வாக்கியம்தான். பெட்டி வானத்திலிருந்து வந்தது. இவர் வைக்கவில்லை. அதில் சீட்டு இருந்தது. எடுத்தவள் நான்.

அவருக்குக் காது மந்தம். இந்தத் தடவை மகளைச் சொல்லவைக்க மாட்டேன், நானே உரக்கச் சொல்வேன். என் குரல் உடைந்தாலும் உங்களுக்குக் கேட்க வேண்டும், கொஞ்சம் கிட்டே வந்து நில்லுங்கள்.